ஹாட்பிளக் பின்னடைவைத் தேட கிட் பைசெக்ட்: ஒரு மதிப்புரை

பழைய கெர்னலில் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி) செருகிய உடனே வேலை செய்த சாதனம் புதிய கெர்னலில் செருகும்போது கண்டுகொள்ளப்படுவதில்லை. கணினியை மறுதொடக்கம் செய்தால் மட்டும் அதே சாதனம் குறையின்றி இயங்குகிறது. லினக்ஸில் ஹாட்பிளக் (கணினி ஓடும்போதே சாதனத்தைச் செருகிக் கழற்றுவது) பின்னடைவு பெரும்பாலும் இந்த வடிவில்தான் வெளிப்படும். யூஎஸ்பி சேமிப்பகம், பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை, தண்டர்போல்ட் டாக், மானிட்டர் என எதுவாக இருந்தாலும், இரண்டு பதிப்புகளுக்கு இடையில் சேர்ந்த ஆயிரக்கணக்கான மாற்றங்களில் எது அதைக் கெடுத்தது என்று கண்டறியப் பெரும்பாலோர் நாடும் கருவி, நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் கிட்டுடன் இணைந்தே வரும் பைசெக்ட் கட்டளை. அதை இந்த ஒரு வேலைக்கான கருவியாக மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தேடும் முறையில் குறை சொல்ல ஏதுமில்லை, ஆனால் ஹாட்பிளக் பழுதுகளில் தேடுவதைவிடக் கடினமானது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் சரியான தீர்ப்பைச் சொல்வது. அந்தப் பகுதியில் இக்கருவி ஏறக்குறைய எந்த உதவியும் செய்வதில்லை.

கிட் உருவான 2005 ஆம் ஆண்டிலேயே பைசெக்ட்டும் வந்துவிட்டது. பழுதில்லாத ஒரு பதிப்பையும் பழுதுள்ள ஒரு பதிப்பையும் சொன்னால், இடைப்பட்ட கமிட்டுகளை (பதியப்பட்ட தனித்தனி மாற்றங்கள்) ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கமிட்டை அது எடுத்துக் கொடுக்கும். அந்தக் கெர்னலைத் தொகுத்து, பூட் செய்து, சாதனத்தைச் செருகிப் பார்த்து, நல்லது அல்லது கெட்டது என்று பதில் சொன்னால் மிச்சமுள்ளதில் பாதி கழிந்துவிடும். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் ஒரு பதிப்பில் சுமார் 14,000 கமிட்டுகள் சேர்ந்திருந்தால், 14 சுற்றுகளில் ஒற்றைக் கமிட்டை அடைந்துவிடலாம். தேட வேண்டிய பரப்பு இருமடங்கானாலும் கூடுவது ஒரே ஒரு சுற்றுதான். கெர்னலின் உள்ளமைப்பை அறியாத ஒருவர்கூட, பராமரிப்பாளர் நேரடியாகப் பயன்படுத்தத்தக்க விடையைத் தர முடிகிறது என்பதே இக்கருவியின் மிகப் பெரிய சிறப்பு.

ஆனால் இந்தக் கணக்கு, சொல்லப்படும் ஒவ்வொரு பதிலும் உண்மையானது என்ற அடிப்படையில் நிற்கிறது. பூட் ஆகாமல் நின்றுவிடும் கெர்னலுக்கு அந்த அடிப்படை பொருந்தும். ஹாட்பிளக் பழுதுகளோ பல நேரங்களில் காலப் பொருத்தத்தைச் சார்ந்தவை. இன்டரப்ட் (வன்பொருள் கெர்னலுக்கு அனுப்பும் அழைப்பு) வந்து சேர்ந்த கணத்தில் போர்ட் ஓய்வுநிலையில் இருந்ததா, முன்பு கழற்றிய சாதனத்தை அகற்றும் வேலை முடிந்திருந்ததா, டிரைவர் மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் பகுதி) ஏற்றப்பட்டிருந்ததா என்பவற்றைப் பொறுத்து ஒரே கெர்னல் ஒருமுறை சரியாகவும் மறுமுறை தவறாகவும் நடந்துகொள்ளும். ஐந்து முறை செருகினால் சராசரியாக ஒருமுறை மட்டும் தோன்றும் பழுதை எடுத்துக்கொள்வோம். பழுதுள்ள கெர்னலில் பத்து முறை செருகியும் அது ஒருமுறைகூடத் தலைகாட்டாமல் போகும் வாய்ப்பு சுமார் 11 விழுக்காடு. இருபது முறை செருகினால் அது 1 விழுக்காட்டுக்குச் சற்றே மேலாகக் குறைகிறது. 14 சுற்றுகளில் ஏழு, பழுதுள்ள கமிட்டுகளில் போய் நிற்பதாகக் கொண்டால், பத்து முறைச் சோதனையோடு நடக்கும் தேடல் எங்காவது தவறான பக்கம் திரும்பிவிடும் வாய்ப்பு பாதிக்கும் மேல். இருபது முறைச் சோதனையில் அது சுமார் 8 விழுக்காடுதான்.

ஆகவே கெட்டது என்று சொல்ல ஒரே ஒரு சான்று போதும்; நல்லது என்று சொல்வது எப்போதும் ஒரு நம்பிக்கை மட்டுமே. பைசெக்ட் இரண்டையும் ஒரே எடையில் எழுதிக்கொள்கிறது. பொய்யான நல்லது ஒன்று நுழைந்துவிட்டால், உண்மையான குற்றவாளி தேடும் பரப்புக்கு வெளியே போய்விடுகிறது. அதற்குப் பிறகு கருவி எடுத்துக் கொடுக்கும் பெரும்பாலான கமிட்டுகளிலும் பழுது இருக்கும் என்பதால், எஞ்சிய பதில்கள் பெரும்பாலும் கெட்டது என்றே வரும். நல்லது ஒன்றுக்குப் பின் கெட்டது மட்டுமே வரிசையாக நீண்டால், அந்தக் கடைசி நல்லதைச் சந்தேகிக்க வேண்டும் என்று எந்தக் கையேட்டைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நல்லவேளையாக, மீள்வதற்கு வழி இருக்கிறது: பைசெக்ட் லாக் தரும் பதிவை ஒரு கோப்பில் சேமித்து, ஐயத்துக்குரிய வரியை நீக்கிவிட்டு, ரீப்ளே கொடுத்தால் அந்த இடத்திலிருந்து தேடல் மீண்டும் தொடங்கும். முழுத் தேடலையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

எத்தனை முறை செருகுவது என்பதோடு எப்படிச் செருகுவது என்பதும் தீர்ப்பை மாற்றும். கழற்றிய மறுவினாடியே திரும்பச் செருகினால் ஹப்போ கண்ட்ரோலரோ ஓய்வுநிலைக்குச் சென்றிருக்காது. ஓய்வுநிலையிலிருந்து எழுப்புவதில்தான் பழுது என்றால், அவசரக்காரரின் சோதனையில் எல்லாக் கெர்னலும் நல்லதாகவே தெரியும். இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. சாதனம் திடீரெனப் பிடுங்கப்பட்ட பிறகு பிசிஐ எக்ஸ்பிரஸ் பதிவேடுகளைப் படித்தால் எல்லா பிட்டுகளும் 1 ஆகவே திரும்பும். ஒரு பிட் 0 ஆகும் வரை காத்திருக்கும் டிரைவர் அங்கேயே மாட்டிக்கொள்ள, அடுத்து செருகும் சாதனத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை. உறங்கியபடி சிக்கிக்கொண்ட செயல்களைப் பற்றிக் கெர்னல் எச்சரிக்க இயல்பாக 120 வினாடி ஆகும் என்பதால், அரை நிமிடத்தில் முடியும் சோதனை அந்த எச்சரிக்கையைப் பார்க்கவே பார்க்காது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ரெக் விசையுடன் டபிள்யூ அழுத்தினால் முடங்கிக் கிடக்கும் செயல்களின் பட்டியல் உடனே கிடைக்கும்.

பைசெக்ட்டின் மிகவும் புகழப்படும் வசதி, 2007 இல் சேர்க்கப்பட்ட ரன் துணைக்கட்டளை. ஒரு ஸ்கிரிப்டை ஒப்படைத்தால், அது 0 திருப்பினால் நல்லது, 125 திருப்பினால் தாண்டு, 1 முதல் 127 வரையிலான மற்ற எண்களுக்குக் கெட்டது என்று எடுத்துக்கொண்டு, கருவி தானே கடைசிவரை ஓடிவிடும். சிபியூ ஹாட்பிளக்கில் இது முழுமையாகப் பயன்படுகிறது. சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் கெர்னல் இடைமுகம்) ஆன்லைன் என்ற கோப்பில் 0, 1 என்று மாற்றி மாற்றி எழுதினாலே ஒரு சிபியூவை நீக்கிச் சேர்க்கலாம் என்பதால் மனிதக் கை தேவையில்லை. வெளிச் சாதனங்களுக்கு வரும்போதுதான் சிக்கல். கேபிளைப் பிடுங்கிச் செருக ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது பிடுங்கியது போன்ற ஏற்பாடு ஒன்று வேண்டும். அந்த ஏற்பாடு ஒவ்வொன்றும் உண்மையான பாதையில் ஒரு பகுதியை மட்டுமே தொடுகிறது.

யூஎஸ்பி சாதனத்தின் ஆத்தரைஸ்டு கோப்பில் 0 எழுதினால் அதன் கட்டமைப்பு விலக்கப்பட்டு டிரைவர் கழன்றுகொள்ளும், 1 எழுதினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஹப் இணைப்பை உணர்வது, போர்ட்டை ரீசெட் செய்வது, முகவரி ஒதுக்குவது ஆகிய எதுவும் அங்கே நடப்பதில்லை. பின்னடைவு அந்தப் படிகளில் இருந்தால் இந்தச் சோதனை பயனற்றது. பிசிஐயில் ரிமூவ், ரீஸ்கேன் கோப்புகளும் அப்படித்தான்: சாதனம் மென்பொருள் அளவில் மறைந்து தோன்றுகிறதே ஒழிய, இணைப்பு அறுபடுவதில்லை, பிசிஐ ஹாட்பிளக் டிரைவர் எழுப்பப்படுவதும் இல்லை. ஸ்லாட்டின் பவர் கோப்பு இதைவிட மேல், ஏனென்றால் அது ஹாட்பிளக் டிரைவரின் வழியே செல்கிறது; ஆயினும் அட்டையின் வருகையை வன்பொருள் உணர்ந்து இன்டரப்ட் அனுப்பியதா என்பதை அது சோதிப்பதில்லை. போர்ட்டுக்கான மின்சாரத்தைத் துண்டிக்க இசையும் ஹப் கிடைத்தால் யூஹப்கன்ட்ரோல் என்ற சிறு கருவி உண்மைக்கு மிக அருகில் வருகிறது. மின்சாரத்தைத் துண்டிப்பதாக அறிவித்துவிட்டு உண்மையில் துண்டிக்காத ஹப்களும் உண்டு என்பதால் சாதனத்தின் விளக்கு அணைகிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. அதிலும் ஒரு குறை எஞ்சும்: கையால் செருகும்போது தொடுமுனைகள் சில கணம் தொட்டும் விலகியும் துள்ளும், யூஎஸ்பி ஹப் டிரைவர் 25 மில்லிவினாடிக்கு ஒருமுறை நிலையைப் பார்த்து, 100 மில்லிவினாடி மாறாமல் இருந்த பின்பே இணைப்பை ஏற்பது இந்தத் துள்ளலுக்காகத்தான். மின்சாரத்தை மட்டும் மாற்றும் சோதனையில் அந்தத் துள்ளல் வருவதில்லை.

கியூஇஎம்யூ மெய்நிகர் இயந்திரத்தில் டிவைஸ் ஆட், டிவைஸ் டெல் கட்டளைகளால் சாதனத்தைச் சேர்த்து நீக்கலாம். பழுது அங்கே மீண்டும் தோன்றுமானால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இரவில் ஸ்கிரிப்டை ஓடவிட்டுக் காலையில் விடையை எடுத்துக்கொள்ளலாம். இணைப்புப் பயிற்சி (இரு முனைகளும் இணைப்பின் வேகத்தை ஒத்திசைத்துக்கொள்வது), மின்மேலாண்மை, ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்த மென்பொருள்) ஆகியவற்றைச் சார்ந்த பழுதுகள் அங்கே தோன்ற வாய்ப்பு மிகக் குறைவு.

தொகுக்கும் நேரத்தைக் குறைக்க எல்லோரும் பரிந்துரைக்கும் லோக்கல்மாட்கன்ஃபிக் என்ற கட்டளை பற்றி ஹாட்பிளக் தேடலில் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அக்கணத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கன்ஃபிக்கிலிருந்து (எவற்றைத் தொகுப்பது என்ற அமைப்புக் கோப்பு) அது நீக்கிவிடும். பழுதுபட்ட சாதனம் செருகப்படாத நிலையில் அதை ஓட்டினால், அந்தச் சாதனத்துக்கான டிரைவரே நீங்கிப் போகும். பிறகு தொகுக்கும் எல்லாக் கெர்னலும் கெட்டதாகவே தோன்றும், அதுவும் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல். சாதனம் வேலை செய்யும் பழைய கெர்னலில், சாதனத்தைச் செருகி, அதன் எல்லாப் பணிகளையும் ஒருமுறை இயக்கிவிட்டு, அதன் பிறகே கன்ஃபிக்கைச் சுருக்க வேண்டும். சுருக்கிய கன்ஃபிக்குடன் நல்ல பதிப்பையும் கெட்ட பதிப்பையும் மறுபடி தொகுத்து, இரண்டும் எதிர்பார்த்தபடியே நடக்கின்றனவா என்று பார்க்காமல் தேடலைத் தொடங்குவது வீண் வேலை.

தேடலைத் தொடங்கும் முன் பழுது கெர்னலில்தானா என்ற ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். யூடெவ் என்பது கெர்னல் அனுப்பும் சாதன நிகழ்வுகளைப் பெற்று, தன் விதிகளின்படி செயல்படும், கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்; அதன் யூடெவ்ஏடிஎம் மானிட்டர் கட்டளை இதற்கு மிகச் சிறந்த துணை. கெர்னல் அனுப்பிய நிகழ்வையும், யூடெவ் தன் விதிகளைச் செயல்படுத்திய பின் அனுப்பும் நிகழ்வையும் தனித்தனி வரிகளாகக் காட்டும். முதல் வரியே வரவில்லை என்றால் கெர்னலுக்குள் தேடலாம். முதல் வரி வந்தும் சாதனம் பயன்படவில்லை என்றால் யூடெவ் விதிகளைப் பார்க்கலாம், ஆனால் அப்போதும் கெர்னல் குற்றமற்றது என்று ஆகிவிடாது. 2017 இல் வெளியான 4.14 பதிப்பில் பைண்ட், அன்பைண்ட் என்ற இரண்டு புதிய நிகழ்வுகள் சேர்க்கப்பட்டன. ஆட், சேஞ்ச் ஆகியவற்றை மட்டும் எதிர்பார்த்து எழுதப்பட்ட விதிகள் அவற்றால் தடுமாறின. 2020 இல் வந்த, யூடெவ்வையும் உள்ளடக்கிய சிஸ்டம்டி 247 இன் வெளியீட்டுக் குறிப்பில் இது கெர்னல் இடைமுகத்தின் பொருந்தாமை என்றே விளக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய பழுதில் கெர்னலை மட்டும் மாற்றிச் சோதிக்கும் பைசெக்ட் சரியான கமிட்டையே காட்டும். திருத்தம் எங்கே செய்யப்பட வேண்டும் என்பதுதான் வேறு விவாதமாகிவிடும்.

தாண்டும் வசதியான ஸ்கிப் நேர்மையானது: தொகுக்க முடியாத கமிட்டுகளைத் தாண்டிச் செல்லும், தாண்டியவற்றுக்குள்ளேயே குற்றவாளி இருந்தால் ஒரே விடையைப் புனையாமல் ஐயத்துக்குரிய கமிட்டுகளைப் பட்டியலிட்டுவிடும். அடைவைக் குறிப்பிட்டுத் தேடலைச் சுருக்கும் வசதியில் அந்த நேர்மை இல்லை. யூஎஸ்பி சாதனம்தானே என்று யூஎஸ்பி டிரைவர்களின் அடைவுக்குள் மட்டும் தேடச் சொன்னால், உண்மைக் காரணம் ஏசிபிஐயிலோ (ஃபர்ம்வேருடனான இடைமுகம்), ஐஓஎம்எம்யூவிலோ (சாதனங்களின் நினைவக அணுகலை ஒழுங்குபடுத்தும் பகுதி), மின்மேலாண்மையிலோ இருந்தாலும் அந்த அடைவுக்குள் இருக்கும் ஏதோ ஒரு கமிட்டைத் தயங்காமல் கைகாட்டும். ஹாட்பிளக் பழுதுகள் அடைவு எல்லைகளை மதிப்பதில்லை. ஆகையால் சில சுற்றுகளை மிச்சப்படுத்தும் இந்த வசதியைத் தவிர்த்துவிடுகிறேன்.

இடைப்பட்ட கமிட்டுகளில் பூட் செய்வதில் வேறோர் ஆபத்தும் உண்டு. அது நமது பழுதோடு தொடர்பில்லாதது. 2021 தொடக்கத்தில் வெளியான 5.12 இன் முதல் ஆர்சியில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), ஸ்வாப் கோப்பை (நினைவகம் போதாதபோது தரவை வட்டில் வைக்கும் கோப்பு)ப் பயன்படுத்தும் கணினிகளில் ஸ்வாப் தரவு கோப்பு முறைமையின் தவறான இடங்களில் எழுதப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் குறியின் பெயரிலேயே பயன்படுத்த வேண்டாம் என்ற சொல்லைச் சேர்க்க நேர்ந்தது. அதைச் சுற்றியுள்ள கமிட்டுகளில் பைசெக்ட் இன்றும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். தரவு இழந்தாலும் பாதகமில்லாத கணினியிலோ தனி வட்டிலோ மட்டுமே இத்தேடலைச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

துணைக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைனமிக் டிபக் ஹப் டிரைவரின் செய்திகளை மட்டும் திறந்துவிட உதவும். யூஎஸ்பிமான், டிரைவர்கள் யூஎஸ்பி கண்ட்ரோலரின் டிரைவரிடம் அனுப்பிய கோரிக்கைகளையும் பதில்களையும் காட்டும். எஃப்டிரேஸ் எந்தச் செயற்கூறு எந்த வரிசையில் எவ்வளவு நேரம் ஓடியது என்று வரைந்து காட்டும். மூன்றும் சிறந்தவை. ஆனால் தேடல் நடக்கும்போது இவற்றை அணைத்தே வைத்திருப்பேன், ஏனென்றால் ஒவ்வொரு செய்தியும் சிறு தாமதத்தைச் சேர்க்கிறது, அந்தத் தாமதமே காலப் பொருத்தத்தை மாற்றிப் பழுதை மறைத்துவிடக்கூடும். கமிட் கைக்கு வந்த பிறகு, அதற்கு முந்தைய கெர்னலையும் அந்தக் கெர்னலையும் ஒரே பதிவு அமைப்போடு ஓடவிட்டு இரண்டு பதிவுகளையும் ஒப்பிடும்போதுதான் இவற்றின் மதிப்பு முழுமையாக வெளிப்படுகிறது.

பைசெக்ட் கடைசியில் காட்டும் கமிட்டே பழுதின் காரணம் என்று எடுத்துக்கொள்வது பரவலான பழக்கம். எடுத்துக்காட்டாக, பயன்பாட்டில் இல்லாத பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்ட்டை ஓய்வுநிலைக்கு அனுப்பும் ஒரு மாற்றத்தைக் கருவி கைகாட்டுகிறது என்போம். அந்த மாற்றத்தில் ஒரு வரிகூடத் தவறாக இல்லாமல் இருக்கலாம். ஓய்விலிருக்கும் போர்ட்டில் சாதனம் வந்ததும் எழுப்பும் சைகையை அனுப்ப வேண்டிய ஃபர்ம்வேர் அதை அனுப்பாததே காரணமாக இருக்கலாம். போர்ட் எப்போதும் விழித்திருந்த காலத்தில் அந்தக் குறை வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். பிசிஐஇ போர்ட் பிஎம் என்ற பூட் அளவுருவை அணைத்துப் பார்த்தால் இந்த ஊகம் சில நிமிடங்களில் உறுதிப்படும் அல்லது விலகும். அதோடு, கண்டறிந்த கமிட்டை மிகப் புதிய கெர்னலின் மேல் ரிவர்ட் செய்து (அந்த மாற்றத்தை மட்டும் திரும்பப் பெற்று) பழுது மறைகிறதா என்று பார்ப்பது கட்டாயம். பொய்யான நல்லது வழியாக வந்த விடை அங்கே பிடிபட்டுவிடும். காரணம் ஃபர்ம்வேராக இருந்தாலும் பயனர் பார்வையில் அது பின்னடைவுதான், பழைய கெர்னலில் வேலை செய்தது புதியதில் நின்றுவிடக் கூடாது என்பது கெர்னல் திட்டத்தின் நெடுநாள் விதி. அதனால் காரணம் முழுதும் விளங்கும் வரை காத்திருக்காமல், கமிட்டின் அடையாளத்தோடு பராமரிப்பாளருக்கு எழுதிவிடலாம். பின்னடைவுகளைப் பின்தொடரும் ரெக்ஸ்பாட் அமைப்பிலும் அதைப் பதியலாம்.

நல்ல பதிப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை என்றாலோ, கெர்னலோடு ஃபர்ம்வேரும் அதே நாளில் மாறியிருந்தாலோ, இக்கருவியால் பயனில்லை; முதலில் ஃபர்ம்வேர் மாறாத நிலையில் பழைய கெர்னலை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றபடி, ஹாட்பிளக் பின்னடைவோடு மல்லுக்கட்டும் எவருக்கும் பைசெக்ட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதில் நான் எதிர்பார்க்கும் ஒரே சேர்க்கை, நல்லது என்று சொல்லும்போது எத்தனை முறை சோதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து ஏற்று, விடையின் உறுதியைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதி. இப்போதைக்கு அதைக் கையால்தான் செய்ய வேண்டியிருக்கிறது. லாக் கோப்பில் # குறியுடன் தொடங்கும் வரிகளை ரீப்ளே பொருட்படுத்துவதில்லை என்பதால், ஒவ்வொரு தீர்ப்பின் கீழும் எத்தனை முறை செருகப்பட்டது, கழற்றிய பின் எவ்வளவு நேரம் காத்திருந்தது, கையாலா மின்துண்டிப்பாலா என்பதை ஒரு வரியில் எழுதி, அந்தக் கோப்பையே அறிக்கையுடன் இணைத்துவிடலாம். எந்த நல்லது வலுவற்றது என்று அதைப் படிக்கும் பராமரிப்பாளர் தாமே கண்டுகொள்வார்.